மேய்ச்சல் நில எட்சிங்குகள்: கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்போமா?

கீறல்:

மாலை வெயில், நாலு மாடு, குழல் ஊதும் இடையன், பின்னால் மரங்கள். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பிய எட்சிங்கில் (செம்புத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரித்து, மை பூசிக் காகிதத்தில் அச்சடிக்கும் கலை) இந்தக் காட்சி ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. நாம் இங்கே டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் முகங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம், நிலக்காட்சிகளைத் தொடவே இல்லை. அதற்காகத்தான் இந்த இழை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தை எங்கே நடுவது, மாட்டை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் காட்சி அமைப்பில் பாதிதான். கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் எட்சிங்கைத் தீர்மானிக்கிறது. இதில் வெள்ளை என்று ஒரு மை கிடையாது. கோடு விழாத காகிதம்தான் வானம், தண்ணீர், மாட்டின் முதுகில் படும் வெயில் எல்லாமே. கருப்பின் பின்னால் போகாமல், வெள்ளை எப்படி ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் படத்தின் எலும்புக்கூடு தானாகப் பிடிபடும்.

தொடங்குவதற்கு ஒரு படம். பிரெஞ்சு நிலக்காட்சி ஓவியர் கிளாட் லொரேன் 1636-ல் செய்த 'மாட்டிடையன்'. பிரெஞ்சுப் பெயர் 'லெ பூவியே'. அகலம் இருபது சென்டிமீட்டர் அளவுதான். விக்டோரியா காலத்து விமர்சகர் ஹேமர்டன், தொழில்நுட்பத்திலும் ஒளிநிழல் தரத்திலும் உலகம் கண்ட நிலக்காட்சி எட்சிங்குகளில் இதுவே முதலாவது என்று எழுதினார். ஆழமில்லாத நீரில் இறங்கிப் போகும் மாடுகள், உட்கார்ந்து குழல் ஊதுகிறவன், அடர்ந்த மரங்கள், அப்புறம் தூரத்து வெளி. அவ்வளவுதான்.

மரக்கூட்டத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். தனித்தனி இலையாக எதுவும் இருக்காது. சுருள் சுருளாகச் சின்னக் கிறுக்கல்கள். நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருட்டாகின்றன, விளிம்புக்கு வர வர இடம் விடுகின்றன, கடைசியில் சில மெல்லிய கோடுகள் வானத்துக்குள் கரைந்து போகின்றன. மரத்தைச் சுற்றி எல்லைக்கோடே போடவில்லை. போட்டிருந்தால் மரம் வானத்தின் முன்னால் வெட்டி ஒட்டியதாக நின்றிருக்கும். இங்கே வானத்து வெளிச்சம் இலைக்குள் புகுந்து வருகிறது. அந்த விளிம்பு ஒன்றுக்காகவே நான் இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கிறேன்.

ஓரப்பார்வை:

நல்ல தொடக்கம் சார். எனக்கு இந்தக் கலை புதிது, அடிப்படைக் கேள்வி ஒன்று. அருங்காட்சியகத் தளத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். தூரத்தில் கோடு மயிரிழை மாதிரி இருக்கிறது, கிட்டத்தில் தடிமனாக, கருப்பாக இருக்கிறது. வேறு வேறு ஊசியா? இல்லை, அழுத்தமா?

மைவிரல்:

இரண்டும் கொஞ்சம் உண்டு, ஆனால் முக்கிய வேலை அமிலத்துடையது. நான் தகடு போடுகிறவள் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

செம்புத் தகட்டின் மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சு போடுவோம். அதைப் புகை காட்டிக் கருப்பாக்குவது பழைய வழக்கம். ஊசியால் கீறினால் பூச்சு மட்டும் விலகி செம்பு தெரியும். செம்பை வெட்டுவது ஊசியின் வேலை கிடையாது. அதனால்தான் எட்சிங் கோடு பேனாக் கோடு போலத் தாராளமாக ஓடுகிறது. அப்புறம் தகட்டை அமிலத்தில் போடுகிறோம். திறந்திருக்கும் செம்பை அமிலம் அரிக்கும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு மை, அவ்வளவு கருப்பு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொஞ்ச நேரம் கழித்துத் தகட்டை வெளியே எடுத்து, தூரத்து மலைக்கும் வானத்துக்கும் மேல் வார்னிஷ் பூசி அடைத்துவிடுவார்கள். அந்தக் கோடுகள் அத்தோடு நின்றுவிடும். தகடு மறுபடி அமிலத்துக்குள் போகும். நடுத்தூரத்து மரங்கள் கொஞ்சம் ஆழமாகும். அதையும் அடைத்தால், கடைசியில் முன்பக்கத்துப் புல்லும் பாறையும் மட்டும் நன்றாகக் கடிபடும். ஒரே ஊசியால் கீறிய கோடுகள் இப்படித்தான் மூன்று நான்கு தூரங்களாகப் பிரிகின்றன. இந்தப் படிப்படியான கடியைச் சீராகக் கையாளும் வழியை எட்சிங் கலைஞர் ஜாக் கலோ தன் கெட்டி வார்னிஷ் பூச்சு மூலம் நிலைநிறுத்தினார். 1645-ல் ஆப்ரஹாம் போஸ் அதை எழுதியும் வைத்தார். கலோவும் கிளாடும் லொரேன் பகுதிக்காரர்கள்தான்.

ஓவியருக்கு இதில் ஒரு பெரிய சிரமம் உண்டு. கீறும்போது கருப்புப் பூச்சில் செம்பு நிறக் கோடுகள் தெரியும். இருட்டாக வரவேண்டிய இடம் அந்த நேரத்தில் பளபளவென்று வெளிச்சமாகத் தெரியும். அதோடு படம் இடம் வலம் மாறி அச்சாகும். ஆகவே கிளாட் அந்த மர விளிம்பை நேர்மாறாக, கண்ணாடிப் பிம்பமாகப் பார்த்துக்கொண்டுதான் கீறியிருக்கிறார். எங்கே நிறுத்துவது என்பதை மனக்கணக்காகப் போட வேண்டும். கீறல் சொல்லும் 'விட்ட வெள்ளை' எவ்வளவு கடினமான முடிவு என்பது தகட்டின் முன் உட்கார்ந்தால்தான் உறைக்கும்.

நேர்க்கோடு:

கிளாட் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 'விட்ட இடமே அமைப்பு' என்று பொதுவாக்குவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. போட்ட கோட்டின் குணமும் திசையும் அதே அளவுக்குப் படத்தைத் தாங்கும்.

ரெம்பிராண்டின் 'மூன்று மரங்கள்', 1643. அவருடைய நிலக்காட்சி எட்சிங்குகளில் இதுதான் பெரியது. எட்சிங்கோடு டிரைபாயிண்ட் (அமிலமில்லாமல் ஊசியாலேயே செம்பைக் கிழிப்பது), பியூரின் (செம்பை வெட்டும் உளி) எல்லாம் சேர்ந்த தகடு. இடது மேல் மூலையில் ரூலர் வைத்து இழுத்த மாதிரி கனத்த சாய்கோடுகள். நாம் அதை மழை என்று எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கோடுகள் எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டவில்லை. முழுக்க முழுக்க விசை மட்டும்தான். அவற்றுக்குப் பக்கத்தில் மேகம் சுழல் கோடுகளால் ஆனது. கீழே சமவெளி முழுக்கப் படுத்துக் கிடக்கும் கிடைக்கோடுகள். வலப்பக்க மேட்டில் மூன்று மரங்கள் மட்டும் செங்குத்து. சாய்வு, சுழல், கிடை, செங்குத்து. இந்த நாலு திசைகளின் மோதல்தான் படம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த மழைக்கோடுகளைக் கையால் மறையுங்கள். மரங்கள் அப்படியே இருக்கும், ஆனால் படம் வலப்பக்கம் கனத்துவிடும். மூன்று மரங்களுக்கு எதிர் எடையாக அவர் எந்தப் பொருளையும் வைக்கவில்லை, கோட்டை வைத்தார்.

கீறல்:

திசைகளின் மோதல் பற்றிச் சொன்னது அருமை. மரங்களுக்குப் பின்னால் வெளுத்த வானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையின் கனம் அந்த வெள்ளையை வைத்துத்தான் அளக்கப்படுகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கலாம், பிரச்சினை இல்லை.

இன்னொன்று. இந்தப் படத்தில் ஆட்கள் இருக்கும் இடங்களைக் கவனித்தீர்களா? இடது முன்பக்கம் நீரோரத்தில் தூண்டில் போடுகிறவரும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள், இவர்கள் சட்டென்று தெரிவார்கள். மேட்டின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார், அவரைத் தேட வேண்டும். வலது கீழ் மூலையில் புதரின் இருட்டுக்குள் ஒரு காதல் ஜோடி. கோடுகள் அங்கே அவ்வளவு நெருக்கம். சுற்றியிருக்கும் புதரின் கோடும் அவர்களுடைய உடலின் கோடும் ஒரே கனம், ஒரே போக்கு. கண்ணில் படாமல் வைக்க வேண்டும் என்றே ஒரே இழையில் பின்னியிருக்கிறார். 1645-ல் செய்த 'ஓம்வால்' படத்திலும் இதே வேலை. முதிர்ந்த வில்லோ மரத்தின் நிழலுக்குள் ஒரு ஜோடி இருக்கிறது, நமக்கு முதுகு காட்டி நிற்கும் தொப்பிக்காரர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளிச்சத்தில் ஆறும் படகும், இருட்டில் ரகசியம். கோட்டின் அடர்த்தியே கதை சொல்கிறது.

புல்வெளி:

ஆட்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். மேய்ச்சல் நிலக் காட்சியில் மாலைப் பொழுது ஏன் இத்தனை முறை வருகிறது என்பதற்கு ரோமானியக் கவிஞர் வெர்ஜில் ஒரு காரணம். அவருடைய முதல் ஆயர் பாடலில் மரத்தடியில் ஒருவன் குழல் ஊதுகிறான். எதிரே நிற்கிறவன் தன் நிலத்தைப் பறிகொடுத்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறவன். கடைசி வரிகளில் தூரத்து வீட்டுக் கூரைகளில் புகை எழும்புகிறது, மலைகளின் நிழல் நீள்கிறது. அந்த நீண்ட நிழல் பிறகு வந்த ஓவியர்கள் பலரிடம் விழுந்திருக்கிறது. முல்லைக்குக் காரும் மாலையும் என்று நிலத்தோடு பொழுதைச் சேர்த்தே படித்துப் பழகியவர்களுக்கு இது அன்னியமாகவே படாது. இந்தப் படங்களில் ஆள் விரல்நுனி அளவுக்குக் கூட இருக்க மாட்டான், ஆனாலும் அந்தப் பொழுதின் கனம் அவன் மேல்தான் இறங்குகிறது. அதனால் இவற்றை 'அமைதியான காட்சி' என்று மட்டும் வகைப்படுத்துவது எனக்குப் போதவில்லை.

ரெம்பிராண்டின் மூன்று மரங்களைக் கிறிஸ்து அறையப்பட்ட மலையின் மூன்று சிலுவைகளாக வாசிக்கிறார்களே, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

நேர்க்கோடு:

அப்படி வாசிக்க இடம் இருக்கிறது. ஆனால் நான் கோட்டோடு நிற்கிறேன். மூன்று மரங்களின் தலைகளும் ஒன்றாகக் கலந்து, அடிமரங்கள் மட்டும் பிரிந்து நிற்பது எனக்கு அதைவிடப் பெரிய விஷயம்.

ஓரப்பார்வை:

மைவிரல் அக்கா, இடம் வலம் மாறும் என்றீர்களே. அப்படியானால் ரெம்பிராண்ட் வெளியே போய் நேரில் பார்த்துக் கீறியிருந்தால் ஊரே திரும்பித்தானே இருக்கும்?

மைவிரல்:

ஆமாம், திரும்பித்தான் இருக்கிறது. 'பொன் எடைக்காரரின் வயல்' என்று பெயர் நிலைத்துவிட்ட 1651-ம் வருடத்துப் படம் ஹார்லெம் பக்கத்து சாக்ஸன்பர்க் தோட்ட மாளிகையைச் சுற்றிய காட்சி. அச்சில் அது நிஜத்துக்கு நேர் எதிராக வருகிறது. அவர் அதைச் சரிசெய்ய மெனக்கெடவில்லை. இடத்தின் விவரத்தைவிட வயல்களின் வளைவும் அடிவானத்தின் நீளமும்தான் அவருக்கு முக்கியம் என்று தோன்றுகிறது. படம் நீளவாக்கில் விரிந்து கிடக்கிறது, வானம் முழுக்கக் காலி. ஒரு மேகக்கோடுகூட இல்லாமல் வானத்தை இப்படி விட ரொம்பத் தைரியம் வேண்டும். கீறலுக்கு இதைவிடச் சாட்சி கிடைக்காது.

இந்தப் படத்தில் டிரைபாயிண்ட் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிரைபாயிண்டில் அமிலம் கிடையாது, ஊசியே செம்பைக் கிழிக்கிறது. உழவுசாலின் இருபுறமும் மண் ஒதுங்குவது போல, கோட்டின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். அதை வழித்து எடுக்காமல் விட்டால் மை பிசிறில் தங்கி, அச்சில் வெல்வெட் மாதிரி மங்கிய கருப்பாக வரும். புதர், மரத்தடி, வேலியோரம் என்று சில இடங்களில் மட்டும் அந்தக் கருப்பு. மீதியெல்லாம் ஒல்லியான, காய்ந்த கோடு. கண் அந்தக் கருப்பிலிருந்து அடுத்த கருப்புக்குத் தாவித் தாவித்தான் சமவெளியைக் கடக்கிறது. நீளமான படத்தில் பார்வையை நடத்திக்கொண்டு போக அவர் கண்ட வழி அது.

ஒரு எச்சரிக்கை. பிசிறு அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தில் சீக்கிரம் நசுங்கிவிடும். முதலில் எடுத்த அச்சுகளில் இருக்கும் அந்தக் கருப்பு பிந்திய அச்சுகளில் இருக்காது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் காட்சி அமைப்பே வேறாகத் தெரியும். ஒரு படத்தைப் பார்த்துவிட்டு 'சமநிலை இல்லை' என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன், நாம் பார்ப்பது எந்த அச்சு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மஞ்சள்வெயில்:

இத்தனை பேசிவிட்டு ஆங்கில ஓவியர் சாமுவேல் பாமரை விட்டுவிட்டீர்களே! 1805-1881. எட்சிங் செய்யத் தொடங்கும்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தை நெருங்கிவிட்டது. தன் கையால் முடித்தது பதின்மூன்று தகடுகள்தான். ஒவ்வொன்றிலும் வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார். என் மனசுக்கு மிக நெருக்கமான எட்சிங்குகள் அவை.

1879-ல் வந்த 'தனிக் கோபுரம்' படத்தை எடுத்துக்கொள்வோம். மில்டனின் 'இல் பென்செரோசோ' கவிதையிலிருந்து பிறந்தது. மலை உச்சியில் ஒரு கோபுரம், அதில் ஒரு சாளரத்தில் மட்டும் விளக்கு. வானத்தில் பிறையும் நட்சத்திரங்களும். கீழே இரண்டு இடையர்கள் சாய்ந்து கிடந்து அந்த விளக்கைப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம் மாட்டு வண்டி ஒன்று போகிறது. எங்கே பார்த்தாலும் கோடு. குறுக்கும் நெடுக்கும் மூன்று நான்கு அடுக்குகள். கீறல் சொன்ன கணக்குப்படி இதில் வெள்ளையே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். பெரிதாக்குங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவில் ஊசிமுனை அளவு காகிதம் விடப்பட்டிருக்கும். அவை ஆயிரக்கணக்கில் மினுக்குகின்றன. முடிந்த எட்சிங்கின் கோடுகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆயிரம் ஒளிக் கண்கள் என்று பாமரே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இருட்டிலும் மூச்சு விடும் இருட்டு அது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு யோசனை உண்டு. இளைஞராக இருந்தபோது பாமர் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக்கைச் சந்தித்தார். வெர்ஜில் பாடநூல் ஒன்றுக்காக பிளேக் செய்து 1821-ல் வந்த குட்டி மரச் செதுக்கல்கள் அவரை ஆட்டிவைத்துவிட்டன. மரச் செதுக்கலில் தொடாத கட்டை கருப்பாக அச்சாகும். உளி தொட்ட இடம் வெள்ளை. பிளேக் இருட்டிலிருந்து வெளிச்சத்தைச் செதுக்கி எடுத்தார். பாமருக்கு அந்த ஒளிதான் வேண்டும், ஆனால் கையில் இருப்பதோ கருப்பை மட்டுமே போடத் தெரிந்த ஊசி. ஆகவே அவர் வெளிச்சத்தைச் சுற்றி வளைத்துக் கோடு போட்டுப் போட்டே அதை மிச்சப்படுத்தினார். அவ்வளவு அடர்த்தி இருப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நேர்க்கோடு:

பிளேக் பற்றிச் சொன்னது உண்மையிலேயே யோசிக்க வைக்கிறது. ஆனாலும் பாமரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லாமே ஒரே தீவிரம். பாறை, மரம், ஆட்டு முதுகு, மேகம் எல்லாவற்றுக்கும் ஒரே பின்னல். கோடு தன் சுபாவத்தை இழந்து வெறும் சாம்பல் தொனியாகிவிடுகிறது. அப்படி ஒரு தொனிதான் வேண்டுமென்றால் அக்வாடின்ட் (தகட்டில் பிசின் பொடி தூவி அரித்துச் சாம்பல் பரப்பு எடுக்கும் முறை) போதுமே, இத்தனை கோடு எதற்கு?

எதிர்ப்பக்கம் ரெம்பிராண்டின் 'சிக்ஸ் பாலம்', 1645. இரண்டு ஒல்லி மரங்கள், ஒரு மரப்பாலம், அதில் சாய்ந்து நிற்கும் இரண்டு பேர், தூரத்தில் ஒரு தேவாலய கோபுரம். விருந்தில் கடுகு விழுது இல்லாமல் போக, வேலைக்காரர் பக்கத்து ஊருக்குப் போய் வாங்கி வருவதற்குள் இதைக் கீறி முடித்தார் என்று 1751-ல் வெளியான ஜெர்சானின் ரெம்பிராண்ட் அச்சுப் படப் பட்டியலில் ஒரு கதை இருக்கிறது. கதை நிஜமோ இல்லையோ, கோட்டின் வேகம் அதை நம்பவைக்கிறது. பாலத்தின் கைப்பிடி நாலைந்து இழுப்பு. தண்ணீருக்கு அங்கங்கே சில கோடுகள். ஒவ்வொன்றும் எதற்கு விழுந்தது என்று தெரிகிறது. பாமரில் ஒரு கோட்டை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது, இங்கே ஒன்றை எடுத்தால் பாலம் விழுந்துவிடும்.

மஞ்சள்வெயில்:

தொனி மட்டும் வேண்டுமென்றால் அக்வாடின்ட் போதும், சரி. அக்வாடின்டில் இருட்டு ஒரே பரப்பாகப் படியும். பாமரின் இருட்டுக்குள் திசை இருக்கிறது. 1879-லேயே வந்த 'மணிக்காரர்' படத்தில் மலைச்சரிவின் கோடுகள் மலையின் வளைவோடு இறங்குகின்றன, கூரையின் கோடுகள் கூரைச் சாய்வோடு போகின்றன, வானத்தில் நிலாவின் பக்கம் கோடு இளகுகிறது. 'ஒரே பின்னல்' என்று நீங்கள் சொல்வது ஒரு அடி தள்ளி நின்று பார்க்கும்போதுதான் உண்மை. சிறு படம் அது, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பதற்காகவே செய்தது. கிட்டே போனால் கூரை வேறு, சரிவு வேறு, வானம் வேறு.

அப்புறம், வேகமான கோடு நேர்மையானது, மெதுவான கோடு சந்தேகத்துக்குரியது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பொழுது சாய்வதே மெதுவாகத்தான்.

மைவிரல்:

ஒரு தொழில் விஷயத்தைச் சேர்க்கிறேன், இருவர் சொல்வதிலும் இது தொடர்புடையது. அடர்த்தியான பின்னலில் கோடுகளை ரொம்ப நெருக்கினால், அமிலம் இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய செம்புச் சுவரையும் தின்றுவிடும். சுவர் போனால் அந்த இடம் பள்ளமாகிவிடும், மை பிடிக்காமல் ஓரத்தில் மட்டும் தங்கி நடுவில் சாம்பலாக வெளுக்கும். ஆக பாமரின் 'ஒளிக் கண்' ஒவ்வொன்றும் அமிலத்திடமிருந்து காப்பாற்றப்பட்ட செம்பு. அதனால்தான் கொஞ்சம் கடித்து, அடைத்து, மறுபடி பூச்சு போட்டு, மறுபடி கீறி என்று வருடங்கள் போயிருக்கின்றன. 'சிக்ஸ் பால'த்தில் அந்த ஆபத்தே இல்லை, பெரும்பாலும் ஒரே கடியில் முடியக்கூடிய வேலை. அதில் ஆபத்து வேறு மாதிரி. கை தவறினால் மறைத்துக்கொள்ள அடர்த்தி கிடையாது.

அச்சடிப்பவரின் கையும் உண்டு. தகட்டில் மை பூசித் துடைக்கும்போது மெல்லிய மைப்படலம் விட்டால் முழுப் படத்துக்கும் அந்தி வந்துவிடும். சுத்தமாகத் துடைத்தால் உச்சி வெயில். துடைத்த பிறகு மெல்லிய துணியால் லேசாக வருடினால் கோட்டிலிருக்கும் மை கொஞ்சம் வெளியே கசிந்து ஓரம் மென்மையாகும். பாமரின் தகடுகளை இப்படி அச்சடித்தால் நெருக்கமான பகுதிகள் இளகி நிற்கும். கவனமில்லாமல் செய்தால் எல்லாக் கண்களும் மூடிக்கொள்ளும்.

ஓரப்பார்வை:

நான் மறுபடி 'மாட்டிடையன்' படத்துக்குப் போய்ப் பார்த்தேன். நீரில் இருக்கும் மாடுகளின் கால் பக்கத்தில் கிடைக்கோடுகள் நெருங்கி இருக்கின்றன, கொஞ்சம் தள்ளியதும் விட்டுவிடுகின்றன. தண்ணீர் என்று நான் இவ்வளவு நேரம் பார்த்ததில் பெரும்பகுதி வெறும் காகிதம். மாட்டின் முதுகு விளிம்பிலும் அப்படித்தான், கோடு விளிம்பைத் தொடாமல் முன்பே நின்றுவிடுகிறது. இப்போது எனக்குக் கிளாடும் பாமரும் ஒரே பள்ளிக்கூடம் என்று படுகிறது. ஒருவர் வெள்ளையைப் பெரிய துண்டுகளாக விடுகிறார், இன்னொருவர் பொடிப்பொடியாக.

பாமருக்குப் பிறகு யாராவது இதைத் தொடர்ந்தார்களா?

கீறல்:

தொடர்ந்தார்கள். 1926-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாமருக்கும் அவர் நண்பர்களுக்கும் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு முன்பே கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி மாணவர்கள் சிலர் அவருடைய அச்சுகளைப் பார்த்து மயங்கியிருந்தார்கள். கிரஹாம் சதர்லேண்டும் பால் ட்ரூரியும் அவர்களில் முக்கியமானவர்கள். சதர்லேண்ட் 1925-ல் செய்த 'பெக்கன் வுட்', 'க்ரே ஃபீல்ட்ஸ்' இரண்டிலும் பாமரின் பின்னலை அப்படியே பார்க்கலாம்.

ஆனால் 1930-ல் அதே சதர்லேண்ட் செய்த 'பாஸ்டரல்' படத்தைத் திறந்தால் திடுக்கிடுவீர்கள். பெயர்தான் மேய்ச்சல் நிலக் காட்சி. முறுக்கேறிய மரங்கள், கூர்மையான நிழல். நேர்க்கோடு கேட்ட சுபாவம் இங்கே கோட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது, மஞ்சள்வெயில் கேட்ட மினுக்கம் போய்விட்டது. பாமரை அவ்வளவு உள்வாங்கிய கை எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் அடுத்துப் பேச ஆசைப்படுகிறேன். 1929 பொருளாதாரச் சரிவில் அச்சுப் படச் சந்தை விழுந்து, சதர்லேண்ட் எட்சிங்கை விட்டு ஓவியத்துக்குப் போய்விட்டதால் அந்த வழியில் அவர் போட்ட தகடுகள் குறைவு. 'பாஸ்டர'லையும் 'பெக்கன் வுட்'டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரத்தடி ஒன்றை மட்டும் எடுத்து ஒப்பிடலாம். மைவிரல், கடி எத்தனை அடுக்கு இருக்கும் என்று உங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.